கூகுள் தேடலிலும் ஏஐ பதிலிலும் ஒரு கடை எப்படித் தெரிய வருகிறது?

கோவை கணபதி பகுதியில் என் சித்தப்பா வெட் கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பெல்ட் மாற்றுவது, மோட்டாருக்கு காயில் கட்டுவது, தேய்ந்த கல்லைக் கொத்திக் கொடுப்பது என்று 20 வருடமாக இதே தொழில். போன வருடம் யாரோ ஒருவர் அவரைப் போனில் பிடித்து, மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் கூகுளில் உங்கள் கடையை முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்றார். அடுத்த வாரமே இன்னொருவர், "கூகுளெல்லாம் முடிஞ்சு போச்சுங்க, இனி ஏஐ-ல வந்தாத்தான் வியாபாரம்" என்றார். சித்தப்பா குழம்பிப்போய் என்னைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இதுல எது நெசம்?"

இரண்டுமே நிஜமில்லை. ஆனால் இரண்டிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் சின்னச் சின்ன வியாபாரிகள் ஏமாந்து பணம் கட்டுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் பணம் கட்டாமலேயே முக்கால்வாசி வேலையை நாமே செய்துகொள்ளலாம். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டீக்கடைக்காரரிடம் வழி கேட்பது போல

ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், "அண்ணா, இங்க கிரைண்டர் ரிப்பேர் எங்க பாப்பாங்க?" என்று கேட்கிறார். டீக்கடைக்காரர் மனதுக்குள் என்ன செய்கிறார்? முதலில், தனக்குத் தெரிந்த கடைகளை மட்டும்தான் யோசிக்கிறார். கேள்விப்படாத கடை எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் அவர் வாயில் வராது. அப்புறம் அதில் கிரைண்டர் வேலை செய்யும் கடை எது, பக்கத்தில் இருப்பது எது, நாலு பேர் நல்லபடியாகச் சொன்னது எது என்று வடிகட்டி ஒரு பெயரைச் சொல்கிறார்.

தேடுபொறி செய்வதும் இதுதான். கூகுள், பிங் போல, கேட்டதற்கேற்ற பக்கங்களைக் காட்டும் சேவைக்குத் தேடுபொறி என்று பெயர். அதன் வேலை மூன்று படிகளில் நடக்கிறது.

முதல் படி, ஊர்தல். கிராலர் என்கிற தானியங்கி நிரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போய், கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறது. இரண்டாவது, அட்டவணைப்படுத்தல். பாடப் புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் போன்ற ஒரு பிரம்மாண்டமான பட்டியலில் படித்ததைக் குறித்து வைக்கிறது. அதுதான் இன்டெக்ஸ். மூன்றாவது, வரிசைப்படுத்தல். ஆள் வந்து கேட்கும்போது அந்த இன்டெக்ஸைப் புரட்டி, பொருத்தமானவற்றை முன்னே பின்னே அடுக்கிக் காட்டுகிறது.

நாம் தேடும் அந்த நொடியில் கூகுள் இணையம் முழுக்க அலைவதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த குறிப்பேட்டைத்தான் புரட்டுகிறது. அந்தக் குறிப்பேட்டில் நம் கடை இல்லையென்றால் வரிசையில் எத்தனையாவது இடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை சொன்னது: படித்தால்தான் குறிக்கும், குறித்தால்தான் காட்டும். முதலில் படிக்கக் கிடைக்க வேண்டும்.

வரிசையில் முன்னால் வருவது எப்படி?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுளைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் இருந்த முக்கியமான யோசனை பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் இணைப்புக் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு மாதிரி. பெரிய மனிதர் செய்யும் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம் என்பதுபோல, பலரும் இணைப்புக் கொடுத்திருக்கும் பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு எடை அதிகம். இன்று கூகுள் பார்க்கும் விஷயங்கள் எவ்வளவோ கூடிவிட்டன. ஆனாலும் அடிப்படை எண்ணம் அதேதான்: நீ உன்னைப் பற்றிச் சொல்வதோடு, உன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதும் கணக்கு.

இது தெரிந்ததும் குறுக்கு வழிகள் முளைத்தன. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'கிரைண்டர் கிரைண்டர் கிரைண்டர்' என்று நிரப்பினார்கள். ஆயிரக்கணக்கில் இணைப்புகளை விலைக்கு வாங்கினார்கள். கூகுளும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக்குள் மறைத்து எழுதும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே அறிவித்தது. சாரமில்லாத பக்கங்களை 2011-இல் வந்த பாண்டா மாற்றம் கீழே தள்ளியது, போலி இணைப்புகளை 2012-இல் வந்த பெங்குவின் மாற்றம் பிடித்தது. அத்தனைக்கும் பிறகும் 'பத்தாயிரம் பேக்லிங்க்' (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) பேக்கேஜ் இன்றும் விற்கப்படுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். காசு போவதோடு, நம் தளத்தின் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

தேடலில் பக்கம் நல்லபடியாகத் தெரிவதற்காக நேர்மையாகச் செய்யும் வேலைகளுக்கு எஸ்இஓ என்று பெயர். இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்போடு மேலே வருவது விளம்பரம், அதற்குக் காசு. அதற்குக் கீழே இயல்பாக வரும் முடிவுகளுக்குக் காசு கிடையாது, கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். விளம்பரம் கொடுத்தால் இயல்பான வரிசையிலும் ஏறிவிடலாம் என்பது தவறான நம்பிக்கை. கூகுளில் முதலிடம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. சித்தப்பாவிடம் போனில் பேசியவர் உத்தரவாதம் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லே போதும், போனை வைத்துவிடலாம்.

மேப்பில் வருவது தனிக் கதை

கிரைண்டர் ரிப்பேர், தையல் கடை, பல் டாக்டர், மெஸ் போன்ற உள்ளூர் தொழில்களுக்கு இணையதளத்தைவிட முக்கியமானது கூகுள் மேப்பில் வரும் கடை விவரம். அதற்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது. முழுக்க இலவசம்.

இங்கே வரிசையை முடிவு செய்பவை மூன்று என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. பொருத்தம்: கேட்டதும் நீங்கள் செய்வதும் ஒன்றா? தூரம்: கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு? பிரபலம்: எத்தனை பேருக்கு உங்களைத் தெரியும், என்ன சொல்கிறார்கள்? இந்த மூன்றில் தூரம் நம் கையில் இல்லை. சிங்காநல்லூரில் நின்று தேடுபவருக்குக் கணபதிக் கடை பின்னால்தான் வரும், அது நம் குற்றமும் இல்லை. ஆகவே, 'எங்கிருந்து தேடினாலும் முதலிடம்' என்பது நடக்காத பேச்சு.

சித்தப்பாவின் விவரத்தைத் திறந்து பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. யாரோ எப்போதோ சேர்த்து வைத்திருந்தார்கள். தொழில் வகை 'எலக்ட்ரிக்கல் கடை' என்று இருந்தது. கடை இருக்கும் இடத்தை மேப்பில் காட்டும் சிவப்புக் குறி (பின்), பக்கத்துத் தெருவில், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் குத்தி நின்றது. போன் நம்பர், எட்டு வருடம் முன்பே சரண்டர் செய்த லேண்ட்லைன். ஒரு வாடிக்கையாளர் அந்த மண்டபம் வரை கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பியதை ரிவ்யூவில் எழுதியிருந்தார். கிரைண்டர் என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். அந்த ரிவ்யூவைப் படித்துவிட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கடை தம்முடையதுதான் என்று நிரூபித்து, விவரத்தை அவர் பெயரில் எடுத்தோம். கடையின் வெளிப்புறம், போர்டு, உள்ளே இருக்கும் கருவிகள் இவற்றை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாகக் காட்டச் சொன்னார்கள். அப்புறம் வகையை ரிப்பேர் சேவைக்கு மாற்றினோம், பின்னை வாசலுக்கு நகர்த்தினோம், செல் நம்பர் போட்டோம், திறக்கும் நேரம் எழுதினோம். ஒரு மத்தியானத்தில் முடிந்த வேலை. அடுத்த ஒன்றரை மாதத்தில் மேப்பைப் பார்த்து வருபவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடினார்கள்.

ரிவ்யூ பற்றி ஒரு வார்த்தை. நல்லபடியாக எழுதினால் தள்ளுபடி என்று பேரம் பேசுவது கூகுளின் விதிக்கு எதிரானது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இணைய ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. வேலை முடிந்து வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கிளம்பும்போது, "ரெண்டு வரி எழுதுங்க, எந்த வேலைக்கு வந்தீங்கன்னும் சேர்த்து எழுதுங்க" என்று கேட்டாலே போதும். 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட, 'மாவு நைசாக அரையவில்லை, கல் கொத்தி வாங்கினேன், இப்போது நன்றாக அரைகிறது' என்ற வரிக்குப் பலன் அதிகம். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

சுருக்கமாக: உள்ளூர் கடைக்கு முதல் வேலை மேப் விவரம். வகை, இடம், நம்பர், நேரம் நான்கும் சரியாக இருக்க வேண்டும்.

ஏஐ எங்கிருந்து பதில் எடுக்கிறது?

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் ஏஐ சேவையான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் வந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள், தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. ஏஐ ஓவர்வியூ என்ற அந்த வசதி அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்தது. 2024 அக்டோபர் கடைசியில் சாட்ஜிபிடியும் இணையத்தில் தேடிப் பதில் சொல்லத் தொடங்கியது. 'கூகுள் முடிஞ்சு போச்சு' என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்பியது.

இவற்றுக்குப் பின்னால் இருப்பது மொழி மாதிரி, அதாவது லாங்குவேஜ் மாடல். கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கக் கொடுத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழக்கிய மென்பொருள் அது. பலரும் அதை ஒரு பெரிய தகவல் களஞ்சியம் என்று நினைக்கிறார்கள். பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதும் பரீட்சையில் மாணவன் ஞாபகத்தை நம்பித்தான் எழுதுவான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பது போன்ற, பல இடங்களில் எழுதப்பட்ட செய்தி அவன் ஞாபகத்தில் இருக்கும். கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் சர்வீஸ் கடை இருக்காது. இருப்பதுபோல அவன் எழுதினால் அது பெரும்பாலும் கற்பனை.

புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சை வேறு. கேள்வியைப் பார்க்கிறான், புத்தகத்தில் பொருத்தமான பத்தியைத் தேடி எடுக்கிறான், அதைப் படித்துவிட்டுத் தன் நடையில் எழுதுகிறான். இந்த முறைக்கு ஆர்ஏஜி என்று பெயர், தேடியெடுத்து எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பக்கத்துல எந்தக் கடை?' போன்ற கேள்விகளுக்கு ஏஐ பெரும்பாலும் இப்படித்தான் பதில் தயாரிக்கிறது. சரி, அது திறந்து வைத்திருக்கும் புத்தகம் எது? அதே பழைய இன்டெக்ஸ்தான். கூகுளின் ஏஐ கூகுளின் இன்டெக்ஸிலிருந்தும் மேப்பிலிருந்தும் எடுக்கிறது. சாட்ஜிபிடி தேடலுக்குப் பின்னால் பிங் போன்ற தேடுபொறிகளின் உதவி இருக்கிறது. ஏஐ சுருக்கத்தில் இடம்பெறத் தனிப்பட்ட வேலை எதுவும் வேண்டாம், வழக்கமான நல்ல எஸ்இஓ போதும் என்று கூகுளும் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. கேள்வி நீண்டுவிட்டது. முன்பு 'கிரைண்டர் சர்வீஸ் கோவை' என்று மூன்று சொல் தட்டியவர், இப்போது போனைப் பார்த்துப் பேசுகிறார்: "ரெண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், கல் வழுவழுன்னு ஆயிடுச்சு, கணபதி பக்கம் கொத்திக் குடுக்கறவங்க யாரு, ஞாயித்துக்கிழமை கடை இருக்குமா?" ஏஐ இந்த ஒரு கேள்வியைச் சில சின்னத் தேடல்களாக உடைக்கிறது. கல் கொத்துபவர் யார், கணபதிக்கு அருகில் எது, ஞாயிறு திறந்திருப்பது எது என்று தனித்தனியாகத் தேடி, கிடைத்த பத்திகளைக் கோத்துப் பதிலாக்குகிறது.

இங்கேதான் அந்த ரிவ்யூ வரியின் பலன். 'கல் கொத்தி வாங்கினேன்' என்று ஒருவர் எழுதியிருந்தால், இந்தக் கடை கல் கொத்தும் என்பதற்கு அது சாட்சி. 'சூப்பர்' எதற்கும் சாட்சி சொல்லாது.

ஏஐ பதில்களில் இடம்பிடிக்கும் வேலைக்கு ஜிஇஓ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் டெல்லி ஐஐடியையும் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. எண்கள், மேற்கோள்கள், ஆதாரங்கள் சேர்த்து எழுதிய பக்கங்கள் ஏஐ பதில்களில் கூடுதலாக எடுத்தாளப்பட்டன என்பதும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது உதவவில்லை என்பதும் அதன் முடிவுகள். எஸ்இஓவில் பத்து வருடம் முன்பே செத்துப்போன தந்திரம் இங்கேயும் பிழைக்கவில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: ஏஐ நம் கடையை மனப்பாடமாகச் சொல்வதில்லை, தேடித்தான் சொல்கிறது. தேடும்போது முழுப் பக்கத்தைவிட, கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரு பத்தியைத்தான் பிடிக்கிறது.

பளபளப்பான போஸ்டரில் இருப்பது படிக்கப்படுமா?

நம் ஊர் வியாபாரிகள் அதிகம் தவறவிடும் இடம் இது. கடையைப் பற்றிய எல்லாத் தகவலும் ஒரு போஸ்டரில் இருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார்கள், ஃபேஸ்புக்கில் போடுவார்கள், இணையதளம் இருந்தால் அதிலும் அதே படத்தை ஒட்டுவார்கள். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து, கிராலருக்கு அது படம். படத்தில் உள்ள எழுத்தைப் பிரித்துப் படிக்கும் தொழில்நுட்பம் இருந்தாலும் அதை நம்பி விலையையும் முகவரியையும் படத்துக்குள் மட்டும் வைப்பது சரியல்ல. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தேடுபொறிக்குத் தெரியவே தெரியாது.

எழுத்தாகப் போட்டாலும் என்ன எழுதுகிறோம் என்பது இருக்கிறது. சித்தப்பாவின் பழைய வாசகம்: 'சிறந்த தரம், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்.' இதை மெத்தைக் கடைக்கும் வைக்கலாம், மருந்துக் கடைக்கும் வைக்கலாம். உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

'எல்லாக் கம்பெனி டேபிள் டாப், டில்டிங் கிரைண்டர்களும் சர்வீஸ் செய்கிறோம். பெல்ட் மாற்றுவது காத்திருந்து வாங்கிக்கொள்ளும் வேலை. கல் கொத்த ஒரு நாள், மோட்டார் காயில் கட்ட இரண்டு நாள் ஆகும். ஞாயிறு மதியம் 1 மணி வரை கடை உண்டு. மாடியிலிருந்து கிரைண்டரை இறக்க முடியாதவர்களுக்குக் கணபதி, காந்திபுரம் பகுதிகளில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்.'

இதில் ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில். எங்கிருந்து எடுத்தோம்? கடைக்கு வரும் போன்கால்களிலிருந்துதான். ஒரு வாரம் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். 'எவ்வளவு நாளாகும்?' என்பதும் 'வீட்டுக்கு வருவீங்களா?' என்பதும்தான் பக்கம் பக்கமாக இருந்தன.

சொற்களையும் வாடிக்கையாளர் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். 'அரவை இயந்திரப் பழுதுநீக்கம்' என்று யாரும் தேடப்போவதில்லை, 'கிரைண்டர் ரிப்பேர்' என்றுதான் தேடுவார்கள். ஊர்ப் பெயரைச் சிலர் கோவை என்பார்கள், சிலர் கோயம்புத்தூர் என்பார்கள். வாக்கியத்தில் இயல்பாக இரண்டும் வந்துவிட்டால் நல்லது. தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருப்பதும் நம் ஊருக்குத் தேவைதான், மக்கள் இரண்டிலும் தேடுகிறார்கள்.

ஒரே கடைக்கு மூன்று முகவரி வேண்டாம்

டீக்கடைக்காரர் ஒன்று சொல்லி, ஆட்டோக்காரர் வேறொன்று சொன்னால் புதிதாக வந்தவர் யாரை நம்புவார்? இயந்திரத்துக்கும் அதே சிக்கல். மேப்பில் ஒரு நம்பர், ஜஸ்ட்டயலில் ஒன்று, ஃபேஸ்புக்கில் ஒன்று என்று இருந்தால் எது சரி என்று அதற்குத் தெரியாது. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். பிங்கிலும் கடையை இலவசமாகப் பதியலாம். நம்மவர்கள் அதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் சாட்ஜிபிடி தேடலுக்குப் பின்னால் பிங் இருப்பதால் அந்த பத்து நிமிட வேலை வீண்போகாது.

சொந்த இணையதளம் உள்ளவர்கள் அதைச் செய்து தந்தவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஸ்கீமா போட்டிருக்கிறதா? பார்சல் பெட்டியின் மேல் 'உள்ளே இது, இத்தனை' என்று லேபிள் ஒட்டுவதுபோல, இது பெயர், இது நேரம், இது முகவரி என்று இயந்திரத்துக்குக் குறித்துக் கொடுக்கும் முறை அது. கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011-இல் பொதுவாகக் கொண்டுவந்தது. இரண்டு, ரோபாட்ஸ் கோப்பு. எந்தக் கிராலர் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தளத்தின் வாசலில் மாட்டும் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ நிறுவனங்களின் கிராலர்களை மொத்தமாகத் தடுத்து வைத்துவிட்டு, ஏஐ-யில் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

எதை அளப்பது?

ஒரே கேள்வியை ஏஐ-யிடம் இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரலாம். ஆகவே, 'ஏஐ-யில் உங்கள் கடை நம்பர் ஒன்' என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். இணையதளத்துக்கு வருபவர்கள் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் யாராவது ஒரு முடிவைச் சொடுக்கினார்கள், சுருக்கம் வராதபோது அது 15 சதவீதம். பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் தளத்துக்குள் வருவது குறைகிறது. கிரைண்டர் கடைக்கு அதனால் நஷ்டமில்லை, ஆள் நேராகக் கடைக்கு வந்தால் சரி. எனவே போன்கால்களையும், மேப்பில் 'வழி' பொத்தானைத் தொட்டவர்களையும் எண்ணுங்கள். இரண்டும் பிசினஸ் ப்ரொஃபைலிலேயே தெரியும். புதிதாக வருபவரிடம் "எப்படிங்க தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் குறிப்பது இன்னும் நம்பகமானது.

மாதத்துக்கு ஒரு தடவை, வாடிக்கையாளர் கேட்பதுபோலவே கூகுளிடமும் சாட்ஜிபிடியிடமும் உங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடையைப் பற்றித் தப்பாகச் சொன்னால், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று அது தரும் இணைப்பைப் பார்த்து, அங்கே போய்த் திருத்துங்கள். மேப் விவரத்தில் வெளியாரும் திருத்தம் பரிந்துரைக்க முடியும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சித்தப்பா நோட்டில் இப்போது மூன்று கட்டம் போட்டிருக்கிறார்: மேப், தெரிஞ்சவங்க சொல்லி, மத்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கடை லீவுன்னு அந்தப் போன்ல எங்க போடறது?" என்று கேட்டார். சிறப்பு நேரம் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் தேதியைப் போட்டு மூடியிருக்கிறது என்று தட்டினால் போதும் என்றேன். அவரே போட்டுவிட்டார்.